கண்ணீர்ப்பை ஆபரேஷன்: மரப்பு ஊசியா, முழு மயக்கமா?

கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது. மூக்கோரத்தை அழுத்தினால் இமை ஓரத்துத் துளையிலிருந்து சீழ் எட்டிப் பார்க்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "கண்ணீர்ப்பையில் அடைப்பு, டி.சி.ஆர். பண்ணணும்" என்கிறார், அதாவது கண்ணீர் மூக்குக்கு இறங்கப் புது வழி போடும் ஆபரேஷன். வீட்டுக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி அடைப்பைப் பற்றியதாக இருக்காது. "மயக்கம் குடுப்பாங்களா, ஊசி மட்டும்தானா?" என்பதாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அத்தைக்கு ஊசியிலேயே முடித்துவிட்டார்கள், சித்தப்பா மருமகளுக்கு முழு மயக்கம் கொடுத்தார்கள் என்று தகவல்கள் வரும். உடனே நாமே கணக்குப் போட்டுவிடுவோம்: ஊசி என்றால் சின்ன ஆபரேஷன், மயக்கம் என்றால் பெரிய ஆபரேஷன். இல்லாவிட்டால், ஊசி போடுவது செலவைக் குறைக்க, மயக்கம் கொடுப்பது காசு பிடுங்க.

இரண்டு கணக்குமே தப்பு. அதே ஆபரேஷனை, அதே டாக்டர், காலையில் ஒருவருக்கு ஊசியிலும் மதியம் இன்னொருவருக்கு முழு மயக்கத்திலும் செய்யலாம், இரண்டும் சரியாகவே இருக்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் வலி பாதிதான். மீதிப் பாதி இரத்தமும் தொண்டையும். இந்த இரண்டையும் யாரும் எடுத்துச் சொல்லாததால்தான் குழப்பம்.

பெயர்களை முதலில் தீர்த்துக்கொள்வோம். உடம்பின் ஒரு பகுதியை மட்டும் உணர்விழக்கச் செய்வதை மரப்பு ஊசி என்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் எல்.ஏ. என்று இருக்கும். நினைவே இல்லாமல் தூங்கவைப்பது முழு மயக்கம், சீட்டில் ஜி.ஏ.

கண்ணீர் போகும் வழி

கண்ணாடி முன் நின்று கீழ் இமையை லேசாக வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். மூக்கை ஒட்டிய ஓரத்தில், இமையின் விளிம்பில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். அது ஒரு துளை. மேல் இமையிலும் ஒன்று உண்டு. கண்ணை நனைத்து முடித்த கண்ணீர் இந்தத் துளைகளுக்குள் இறங்கி, மெல்லிய குழாய்களைக் கடந்து, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஓர் எலும்புக் குழியில் இருக்கும் பையில் சேர்கிறது. இதுதான் கண்ணீர்ப்பை. பையின் அடிப்பக்கம் குறுகிக் குழாயாகி, எலும்புக்குள்ளேயே இறங்கி, மூக்கின் உள்ளே திறக்கிறது. அந்தக் குழாய்க்குக் கண்ணீர் நாளம் என்று பெயர். பையும் நாளமும் சேர்ந்து மொத்தம் சுமார் 3 சென்டிமீட்டர்தான்.

அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது இதனால்தான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கிறதே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான். தொண்டை விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் விட்ட மருந்து தொண்டைக்குப் போகும் என்றால், இங்கே ஆபரேஷன் செய்யும்போது கசிகிற இரத்தமும் அங்கேதான் போகும்.

என்ன செய்கிறார்கள்?

நாளம் அடைத்துக்கொண்டால் பையில் கண்ணீர் தேங்கும், தேங்கிய நீரில் கிருமி வளரும். நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களிடம் இது அதிகம். கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே அந்தத் துளை வழியாகத் தண்ணீர் செலுத்தி, தொண்டைக்கு வருகிறதா என்று சோதிப்பதை நம் ஊர்க் கண் ஆஸ்பத்திரிகளில் பார்க்கலாம். பையில் சீழ் இருக்கும்போது கண்ணைத் திறந்து லென்ஸ் வைத்தால் கிருமி கண்ணுக்குள் நுழைந்து பார்வையையே பறித்துவிடும். அதனால் பைக்கு வழி செய்துவிட்டுத்தான் புரைக்கு வருவார்கள்.

பெரியவர்களுக்கு அடைத்த நாளத்தைக் கம்பியால் குத்தித் திறந்தால் பெரும்பாலும் நிலைப்பதில்லை. அதனால் நாளத்தை அப்படியே விட்டுவிட்டு, பையிலிருந்து மூக்குக்கு நேராக ஒரு புது வழி போடுகிறார்கள். அதுதான் டி.சி.ஆர். மூக்கின் பக்கவாட்டுத் தோலைக் கீறிச் செய்யும் இந்த முறையை 1904-இல் இத்தாலியில், ஃப்ளோரன்ஸ் நகரத்து டாக்டர் அத்தேயோ தோத்தி விவரித்தார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை.

பைக்கும் மூக்குக்கும் நடுவே எலும்பு இருக்கிறது. பின்பக்கத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமன். விரலால் அழுத்தினாலே உடையும். முன்பக்கம் அப்படியில்லை, மேல்தாடை எலும்பின் கெட்டியான பகுதி. உளியோ, எலும்பைக் கடித்தெடுக்கும் பஞ்ச் கருவியோ, சின்ன டிரில்லோ கொண்டு ஒரு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் திறப்பு உண்டாக்குவார்கள். பிறகு பையின் உள்தோலையும் மூக்கின் உள்தோலையும் சேர்த்துத் தைத்துவிட்டால் புது வழி தயார். மூக்குக்குள் கேமரா விட்டு, வெளியே தழும்பே இல்லாமல் உள்ளிருந்து செய்யும் முறையும் இப்போது நிறைய நடக்கிறது.

சுருக்கமாக: தோல், எலும்பு, மூக்கின் உள்தோல் என்று மூன்று அடுக்கைக் கடக்கும் வேலை இது. கண் உருண்டையை யாரும் தொடுவதில்லை. "கண்ணை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஆபரேஷன் பண்ணுவாங்களாமே" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எந்தக் கண் ஆபரேஷனிலும் அப்படி எடுத்து வைத்துத் திரும்பப் பொருத்துவது கிடையாது, முடியவும் முடியாது.

அழைப்பு மணியும் வீட்டுக்காரரும்

வாசலில் யாரோ மணியை அழுத்துகிறார்கள். உள்ளே இருப்பவருக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்றால் இரண்டு வழி. பொத்தானிலிருந்து உள்ளே போகும் ஒயரைக் கழற்றிவிடலாம். அல்லது ஒயரை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுக்காரரை எதுவும் கேட்காத அளவுக்கு ஆழ்ந்த தூக்கத்தில் ஆழ்த்திவிடலாம். முதலாவது மரப்பு ஊசி, இரண்டாவது முழு மயக்கம்.

இப்போது நிஜமாக நடப்பது என்ன என்று பார்ப்போம். நரம்புக்குள் செய்தி ஓடுவது மின்சாரமாக. நரம்பின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாயில்கள் இருக்கின்றன. அவை திறந்து, வெளியே இருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்தால்தான் செய்தி அடுத்த இடத்துக்கு நகரும். லிக்னோகெயின் போன்ற மரப்பு மருந்து நரம்பின் சுவரைக் கடந்து உள்ளே போய், இந்தச் சோடியம் வாயில்களை உள்பக்கமிருந்து அடைக்கிறது. கத்தி பட்ட இடத்தில் செய்தி பிறக்கும், ஆனால் ஊசி போட்ட இடத்தைத் தாண்டி மூளைக்குப் போகாது. மருந்து கரைந்து இரத்தத்தோடு போனதும் வாயில்கள் பழையபடி வேலை செய்யும். நரம்புக்குச் சேதம் ஒன்றும் இல்லை.

முழு மயக்கத்தில் நரம்பு வழக்கம்போலச் செய்தியை ஏற்றிக்கொண்டேதான் இருக்கிறது. மாறுவது மூளை. புரோபோஃபால் போன்ற மருந்தும், செவோஃப்ளூரேன் போன்ற வாயுவும், மூளை செல்களை அமைதிப்படுத்தும் இயற்கையான ஏற்பாட்டைப் பல மடங்கு பலப்படுத்துகின்றன. செய்தி வருகிறது, அதை உணர்வாக்க ஆள் இல்லை. ஆனால் உடம்பு சும்மா இருக்காது. நன்றாக மயங்கிக் கிடப்பவருக்கும் தோலைக் கீறும்போது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். அதனால் முழு மயக்கத்தில்கூட வலி மருந்து தனியாகக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்றும் செய்கிறார்கள், இதைத்தான் நிறைய பேர் அறிந்திருப்பதில்லை. டி.சி.ஆர். முழு மயக்கத்தில் நடந்தாலும், கீறப்போகும் இடத்தில் மரப்பு ஊசியும் போடுவது வழக்கம். தூங்குகிற வீட்டில் ஒயரையும் கழற்றுவது எதற்கு? ஒன்று, விழித்தபிறகு சில மணி நேரம் வலி தெரியாமல் இருக்க. இன்னொன்று, அந்த ஊசியில் கலந்திருக்கும் வேறொரு மருந்துக்காக. அதற்கு வருகிறேன்.

ஊசி எங்கே விழுகிறது

முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு என்ற ஒரே பெரிய நரம்பின் கிளைகள். கண்ணீர்ப்பைப் பகுதிக்கு மூன்று கிளைகள் முக்கியம்: கண்ணின் உள்முனைக்கு மேலே வருவது ஒன்று, கண்ணுக்குக் கீழே மேல்தாடை எலும்பில் உள்ள துளை வழியாக வெளியே வருவது ஒன்று, மூக்கின் உள்தோலுக்குப் போவது ஒன்று. முதல் இரண்டையும் ஊசியால் பிடிக்கலாம். மூன்றாவதுக்கு மருந்தில் நனைத்த காஸ் துணி நாடாவை மூக்குக்குள் அடுக்கடுக்காக வைத்துக் கொஞ்ச நேரம் விட்டுவிடுவார்கள். ஆபரேஷனுக்கு வந்தவர்கள் ஊசியைவிட இந்த மூக்கு அடைப்பைத்தான் அதிகம் குறை சொல்வார்கள், நியாயம்தான். மூச்சை வாயால் விட வேண்டியிருக்கும், கண்ணில் நீர் முட்டும்.

ஊசி போடும்போது சுருக்கென்று எரியும். மருந்து சற்று அமிலத்தன்மை உள்ளது, அந்த எரிச்சல் அதனால். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். அப்புறம் மேல் உதடு, முன்பற்கள், மூக்கின் ஒரு பக்கம் எல்லாம் தடித்துப்போன மாதிரி இருக்கும். சிலருக்கு மருந்து கண்குழிக்குள் கொஞ்சம் பரவி, சில மணி நேரம் பார்வை மங்கலாகவோ இரட்டையாகவோ தெரியும். மருந்து இறங்கியதும் சரியாகிவிடும், பதறத் தேவையில்லை.

இங்கேதான் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. "எனக்கு ஊசி பிடிக்கவேயில்லை, இழுக்கிறது எல்லாம் தெரிஞ்சுது" என்று சொல்பவர்கள் பலர். வலியைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் மெல்லியவை. அழுத்தத்தையும் தொடுதலையும் கொண்டுபோகிறவை தடிமனானவை. மரப்பு மருந்து மெல்லிய இழைகளை முதலில், முழுசாகப் பிடிக்கிறது. தடித்த இழைகள் கொஞ்சம் தப்பிவிடும். ஆகவே இழுப்பது, தள்ளுவது, அழுத்துவது தெரியும். குத்துவது, வெட்டுவது தெரியாது. உளியை வைத்து எலும்பைத் தட்டும்போது அந்த அதிர்வு மண்டையோடு வழியாகக் காதுக்கே வரும், எந்த ஊசியும் அதை நிறுத்தாது. முன்னாலேயே தெரிந்திருந்தால் இது தாங்கக்கூடியது. தெரியாமல் படுத்திருப்பவருக்கு முதல் தட்டிலேயே உயிர் போகிற மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால், மரப்பு ஊசியில் செய்துகொண்டு "நரக வேதனை" என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினர் வலியால் அல்ல, யாரும் சொல்லாததால் கஷ்டப்பட்டவர்கள்.

நிஜமாகவே கூர்மையான வலி தெரிந்தால் அது வேறு. கையை அசைக்காமல் வாயால் சொன்னால் போதும், கூடுதலாக மருந்து விடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதற்கு அங்கே யாரும் மெடல் தருவதில்லை. வலியால் இரத்த அழுத்தம் ஏறினால் இரத்தக் கசிவும் ஏறும், டாக்டருக்கும் தொந்தரவு.

பையில் சீழ் கட்டி, தோல் சிவந்து வீங்கியிருக்கும் நேரத்தில் மட்டும் ஊசி உண்மையிலேயே சரியாகப் பிடிக்காது. வீங்கிய திசுவில் அமிலத்தன்மை அதிகம். அந்தச் சூழலில் மரப்பு மருந்தின் பெரும்பகுதி நரம்புச் சுவரைக் கடக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அதனால்தான் முதலில் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, வீக்கம் தணிந்த பிறகு ஆபரேஷன் தேதி கொடுக்கிறார்கள்.

இந்த மருந்துகளின் கதை கண்ணிலிருந்துதான் தொடங்கியது. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் கொக்கெயின் கரைசலைத் தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார், தவளை அசையவில்லை. பிறகு தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டார், ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கண்டுபிடிப்பை ஹைடல்பெர்க் மாநாட்டுக்குப் போய்ச் சொல்ல அவரிடம் பயணச் செலவுக்குப் பணமில்லை, வேறொருவர்தான் வாசித்தார். கொக்கெயினின் தொல்லைகள் இல்லாத லிக்னோகெயினை 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார். பல் பிடுங்கப் போகும் இடத்திலும் தையல் போடும் இடத்திலும் இன்று நாம் பார்ப்பது அதைத்தான்.

இதுவரை பார்த்தது: மரப்பு ஊசி செய்தியை வழியில் நிறுத்துகிறது, வலியை எடுக்கிறது, அழுத்தத்தையும் அதிர்வையும் முழுசாக எடுப்பதில்லை. முழு மயக்கம் மூளையை மாற்றுகிறது, எதுவுமே தெரியாது, ஆனால் உடம்பு செய்தியைப் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

வலியைவிடப் பெரிய விஷயம்: இரத்தம்

மூக்கின் உள்தோல் முழுக்க இரத்தக் குழாய்கள். நாம் இழுக்கும் காற்றைச் சூடாக்கும் வேலை அதற்கு இருப்பதால் அப்படி. வெளித்தோலிலும், கீறும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சிரை ஓடுகிறது. டி.சி.ஆர். நடக்கும் இடமோ ஒரு சின்னக் குழி. அதில் சில சொட்டு இரத்தம் தேங்கினாலே டாக்டருக்கு எதுவும் தெரியாது. கேமரா முறையில் இன்னும் மோசம், லென்ஸில் இரத்தம் பட்டால் திரை முழுக்கச் சிவப்பு.

இதற்குத்தான் மரப்பு ஊசியில் அட்ரினலின் கலக்கிறார்கள். பயந்தால் நம் உடம்பில் சுரக்கும் அதே பொருள். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பயன் இரட்டை: இரத்தக் கசிவு குறைகிறது, இரத்தம் வந்து மருந்தை அடித்துக்கொண்டு போகாததால் மரப்பும் நீண்ட நேரம் நிற்கிறது. கலக்கும் அளவு மிகக் குறைவு, 2 லட்சத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான ஒன்று. ஒரு மில்லியில் 5 மைக்ரோகிராம். ஊசி போட்டுவிட்டு டாக்டர் உடனே கத்தியை எடுக்காமல் பத்து நிமிடம் போலக் காத்திருந்தால், அந்தக் குழாய்கள் சுருங்கட்டும் என்று இருக்கிறார் என அர்த்தம்.

முழு மயக்கத்திலும் ஊசி போடுவது ஏன் என்பது இப்போது விளங்கும். தூக்கம் இரத்தத்தை நிறுத்தாது. மயக்க வாயுக்கள் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் குணமுள்ளவை, கசிவைக் கொஞ்சம் கூட்டவும் செய்யலாம். அதைச் சமாளிக்க, மயக்க மருந்து நிபுணர் இரத்த அழுத்தத்தைச் சற்றுத் தாழ்வாக வைத்திருப்பார், தலைப்பக்கத்தை உயர்த்துவார், சில இடங்களில் வாயுவுக்குப் பதில் இரத்தக் குழாயில் ஏற்றும் மருந்தாலேயே மயக்கத்தை நடத்துவார்.

சரி, கசிந்த இரத்தம் எங்கே போகும்? மூக்கின் பின்பக்கம் வழியாகத் தொண்டைக்கு. விழித்திருப்பவர் அதைத் துப்பலாம், விழுங்கலாம், இருமலாம். தொண்டையைக் காக்கும் அனிச்சைகள் எல்லாம் வேலை செய்கின்றன. மரப்பு ஊசியின் உண்மையான பலம் இதுதான். முழுக்க மயங்கியவருக்கு அந்தக் காவல் கிடையாது. இரத்தம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் ஆபத்து. அதனால் மூச்சு விட மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் வைத்து, இரத்தம் இறங்கும் வழியை அடைக்கிறார்கள். தொண்டையில் ஈரத் துணியும் சுருட்டி வைப்பதுண்டு. அதை வைத்ததை எழுதி வைத்து, எடுத்ததைச் சரிபார்த்த பிறகுதான் எழுப்புவார்கள்.

இரண்டுங்கெட்டான் நிலை ஒன்றும் இருக்கிறது, செடேஷன் என்பார்கள். இரத்தக் குழாயில் மிடசோலம் போன்ற மருந்து கொஞ்சம் கொடுத்தால் பயம் தணிந்து, கண் செருகி, கூப்பிட்டால் பதில் சொல்லும் நிலையில் இருப்பார். இது வலியை எடுக்காது, மரப்பு ஊசி இருந்தே ஆக வேண்டும். ஆனால் ரொம்பக் கூட்டிவிட்டால் தொண்டையின் காவல் தளர்ந்துபோகும், டியூபும் இருக்காது. "கொஞ்சம் நல்லா தூங்குற மாதிரி குடுங்க டாக்டர்" என்று கேட்பவருக்கு நிபுணர் தயங்குவது அதனால்தான். தூக்கம் ஆழமாக வேண்டும் என்றால் டியூபோடு முழு மயக்கத்துக்கே போய்விடுவது பத்திரம். பாதியில் நிற்பது இந்த ஆபரேஷனில் எல்லாவற்றையும்விட நல்லது என்று நினைப்பது சரியல்ல.

யாருக்கு எது

நம் நாட்டில், வெளியே கீறிச் செய்யும் டி.சி.ஆர். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மரப்பு ஊசியில்தான் நடக்கிறது. முக்கால் மணி, ஒரு மணி நேர வேலை. இதய நோய், நுரையீரல் கோளாறு உள்ள முதியவர்களுக்கு இது மயக்கத்தின் சுமையைத் தவிர்க்கிறது. ஆனால் வயது ஒன்றே ஊசிக்குச் சீட்டு அல்ல. படுத்தால் மூச்சு வாங்குகிறவர், விடாமல் இருமுகிறவர், காது கேட்காதவர், ஞாபகமறதி நோயால் சொன்னது புரியாதவர், பதற்றத்தில் தலையைத் திருப்பிவிடுகிறவர் ஆகியோரை முகத்தில் துணி போர்த்தி ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கவைப்பது கஷ்டம். அப்படிப்பட்டவருக்கு, மற்ற சோதனைகள் அனுமதித்தால், முழு மயக்கமே பத்திரமாக இருக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. மிகவும் தளர்ந்த முதியவருக்குப் புது வழி போடாமல் கிருமி நிறைந்த பையை மட்டும் எடுத்துவிடுவார்கள், டி.சி.டி. என்பது அது. எலும்பைத் தொடுவதில்லை, மூக்குக்குள் போவதில்லை, இரத்தம் குறைவு, ஊசியிலேயே சுலபமாக முடியும். கண்ணில் நீர் வடிவது மட்டும் நிற்காது, ஆனால் சீழ் போய்விடும்.

கேமரா வைத்து மூக்கு வழியாகச் செய்யும்போது முழு மயக்கம் அதிகம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. மரப்பு ஊசியில் செய்ய முடியாது என்றில்லை, செய்பவர்கள் இருக்கிறார்கள். டாக்டரின் பழக்கமும் அங்கே உள்ள மயக்க மருந்துக் குழுவும் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன.

குழந்தைகள் விஷயம் தனி. பிறந்த குழந்தையின் நாளம், மூக்கில் திறக்கும் இடத்தில் ஒரு மெல்லிய சவ்வால் மூடியிருப்பதுண்டு. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாளுக்குள் தானாகவே, அல்லது டாக்டர் காட்டித்தரும் மூக்கோர மசாஜில், திறந்துவிடும். திறக்காவிட்டால் மெல்லிய கம்பியை மேலிருந்து விட்டுச் சவ்வைத் திறப்பார்கள். சில நிமிட வேலைதான். கைக்குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு சொட்டு மருந்திலேயே செய்யும் இடங்கள் உண்டு. ஒரு வயதைத் தாண்டிய குழந்தையை அப்படிப் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. கம்பி நகரும் பாதை ஒரு மில்லிமீட்டர் அளவுக் குழாய். தலை சட்டென்று திரும்பினால் குழாய் கிழியும். ஆகவே மாஸ்க்கில் வாயு கொடுத்துத் தூங்கவைத்து, தூங்கிய பிறகு கையில் ஊசி ஏற்றிச் செய்கிறார்கள். திறந்துவிட்டதா என்று பார்க்கச் செலுத்தும் தண்ணீரும் தொண்டைக்குத்தான் வரும், அதனால் அப்போது உறிஞ்சு குழாயோடு ஒருவர் தயாராக நிற்பார்.

"இத்தனை சின்னக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்தால் மூளை மந்தமாகிவிடுமா?" பெற்றோரின் நியாயமான பயம் இது, ஆராய்ந்தும் இருக்கிறார்கள். 7 நாடுகளில் 28 ஆஸ்பத்திரிகளில் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த 722 கைக்குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு முழு மயக்கமும் மறு பகுதிக்கு முதுகு வழியாக மரக்கவைக்கும் ஊசியும் கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு 5 வயதானபோது எடுத்த புத்திக்கூர்மைச் சோதனை முடிவுகள் 2019-இல் வெளிவந்தன: இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. அங்கே மயக்கம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மணிக்கணக்கில் நீளும், திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தைப் பற்றிய கேள்வி வேறு. கண்ணீர் நாளத்துக்கு அது பொருந்தாது.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

ஊசிதான் என்று முடிவானால் "மயக்கம் இல்லையே, எதுக்கு இவ்வளவு டெஸ்ட்?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இரத்தம்தான் இங்கே எதிரி என்பதால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பது ஊசிக்கும் தேவை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதல் நாளே சொல்ல வேண்டும். ஆனால் தானாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு அந்த மாத்திரைதான் உயிர். நிறுத்தலாமா, எத்தனை நாள் என்பதை இதய டாக்டரும் கண் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

"பல் டாக்டர்கிட்ட ஊசி போட்டப்போ படபடன்னு வந்துச்சு, எனக்கு அந்த மருந்து அலர்ஜி" என்று சொல்பவர்கள் நிறைய. பெரும்பாலும் அது அட்ரினலினால் வந்த படபடப்பு. லிக்னோகெயினுக்கு உண்மையான அலர்ஜி அபூர்வம். இருந்தாலும் நடந்ததை அப்படியே சொல்லுங்கள், முடிவை அவர்கள் எடுக்கட்டும். ஊசி போட்ட பிறகு உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை என்று எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். மருந்து இரத்தத்தில் அளவு மீறுவதற்கான முதல் அறிகுறிகள் அவை.

முழு மயக்கம் என்றால் வெறும் வயிறு கட்டாயம். பெரியவர்களுக்குத் திட உணவும் பாலும் 6 மணி நேரம் முன்பு வரை, வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை என்பது பொதுவான கணக்கு. தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், புட்டிப்பாலுக்கு 6 மணி நேரம். உங்கள் ஆஸ்பத்திரி இதைவிடக் கூட்டிச் சொன்னால் அவர்கள் சொல்வதுதான் கணக்கு. "குழந்தை அழுதது, ரெண்டு பிஸ்கட் குடுத்தேன்" என்பதை மறைக்காதீர்கள். மயங்கியபிறகு அந்த பிஸ்கட் மேலே வந்தால் போகுமிடம் நுரையீரல். ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போவது பெரிய நஷ்டமில்லை.

முடிந்த பிறகு இரண்டு பேருக்கும் மூக்கிலிருந்து கொஞ்சம் இரத்தம் கலந்த நீர் வரும், மூக்கைச் சிந்தக் கூடாது. முழு மயக்கத்திலிருந்து எழுந்தவருக்கு டியூப் வைத்ததால் ஓரிரு நாள் தொண்டை கரகரக்கும். விழுங்கிய இரத்தம் வயிற்றைப் புரட்டி ஒரு முறை கருஞ்சிவப்பாக வாந்தி வரலாம். அடுத்த 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்தும் போடக் கூடாது. மரப்பு ஊசியில் செய்துகொண்டவர் பேசிக்கொண்டே வெளியே வந்துவிடுவார், உடனே காபி கேட்பார். மேல் உதடு இன்னும் மரத்திருக்கும், மூக்கில் வைத்த மருந்து தொண்டையிலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். சூடு தெரியாமல் வாயை வேகவைத்துக்கொள்வார், அல்லது புரையேறும். உணர்ச்சி திரும்பும்வரை காபி காத்திருக்கட்டும். கொடுக்கலாமா என்று வார்டு நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள், அதையும் ஆறவைத்து.